கிராமத்தில் வீடு வாங்கும் முன்: தடம், எல்லை, தண்ணீர்

கிராமத்து வீடு விலைக்கு வந்தால் தரகர் முதலில் காட்டுவது திண்ணை, வேப்பமரம், கிணறு. பின்னாளில் சண்டைக்கு வருவது வேறு மூன்று: வண்டி வந்துபோகும் தடம், கூரைத் தண்ணீர் விழும் இடம், பக்கத்து வீட்டோடு பங்காக நிற்கும் சுவர். பெரும்பாலும் இந்த மூன்றும் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. தாத்தா காலத்திலிருந்து வாய்ப்பேச்சில் அனுபவித்து வந்திருப்பார்கள். வாங்குபவர் உள்ளூர்க்காரர் என்றால் அந்த வாய்ப்பேச்சு அப்படியே தொடரும். வெளியூர்க்காரர் என்றால் பதிவு முடிந்த கையோடு "அது எங்க பாத்தியமுங்க" (பாத்தியம் என்றால் உரிமை) என்று குரல் வரும். வாய்ப்பேச்சில் இருப்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன் தாளுக்குக் கொண்டுவருவதுதான் கிராமத்தில் வீடு வாங்கும் வேலையில் முக்கால்வாசி. மீதியை எந்த எழுத்தரும் செய்து கொடுப்பார்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்குப் பொருந்தும். வழக்குச் சொற்கள் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்தவை.

நிலம் எந்த வகை

விற்பவர் எதை "வீட்டுமனை" என்றாலும் வருவாய்க் கணக்கில் அது நான்கில் ஒன்றாக இருக்கும். கிராம நத்தம், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, வீடு நிற்கிற புஞ்சை அல்லது நஞ்சை, புறம்போக்கு. கடைசி வகை என்று தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி, மேய்க்கால், மந்தைவெளி எதுவானாலும் அதன்மேல் நிற்கும் வீட்டுக்கு வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கலாம். அவை நிலத்துக்கு உரிமை ஆகாது. "முப்பது வருசமா வரி கட்டறோம்" என்பது அனுபவத்துக்குச் சான்று, அவ்வளவுதான்.

நத்தம் என்பது ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய நிலம். குடியிருப்பவர் கையில் இருக்கும் நத்தம் அரசின் சொத்து அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடு வீடாக அளந்து தனித்தனிப் புல எண் கொடுத்துப் பட்டா வழங்கினார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் அ-பதிவேட்டை (ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று எழுதிய கணக்கு) பார்க்கும்போது 'இரயத்துவாரி மனை' (தனியாருடையது) என்று இருக்கிறதா, 'சர்க்கார் புறம்போக்கு' (அரசுடையது) என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த ஒரு சொல்லில் மொத்த விலையும் அடங்கியிருக்கிறது. சில வீடுகளுக்கு முன்பக்கம் மனை, பின்பக்கக் கொட்டகை நிற்பது புறம்போக்கு என்று இரண்டாக இருக்கும். விலை பேசும்போது இரண்டையும் ஒரே மனையாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணையும், பூங்காவும் சாலையும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். அனுமதி இல்லாத மனைப்பிரிவில் 20-10-2016க்கு முன்பே மனையாகப் பதிவானது மட்டுமே, அனுமதி இல்லாததை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்குள் வரும். பின்னால் பிரித்தவற்றுக்கு அந்த வழி இல்லை. புஞ்சைக்குள் நிற்கும் தோட்டத்து வீட்டை வாங்குபவர் அந்த வீட்டுக்கு ஊராட்சியின் கட்டட அனுமதி இருந்ததா என்று கேட்க வேண்டும். வங்கிக் கடன் நம்பியிருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். நத்தத்துக்கும் அனுமதி வரைபடம் இல்லாத வீட்டுக்கும் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும். முன்பணம் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போகாதீர்கள். ஆவண நகல்களோடு முதலில் வங்கிக்குப் போய் அவர்களுடைய வழக்கறிஞரின் கருத்து வந்தபிறகு முன்பணம் பேசுங்கள்.

நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலமும் இலவச வீட்டுமனைப் பட்டாவும் தனி. விற்கக் கூடாது, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகே விற்கலாம், குறிப்பிட்ட பிரிவினருக்கே விற்கலாம் என்று அந்தப் பட்டாவின் பின்பக்கத்திலேயே நிபந்தனை அச்சாகியிருக்கும். பஞ்சமி நிலம் இதில் சேர்ந்தது. பட்டியல் சாதியினருக்காக ஒதுக்கிய அந்த நிலத்தைப் பிறர் வாங்குவது சட்டப்படி செல்லாது, நியாயமும் இல்லை. விலை குறைவு என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

தடம் யாருடையது

தோட்டத்து வீடுகள் பலவற்றுக்கு ஊர்ச் சாலையிலிருந்து வருவது இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டித் தடம்) வழியாக, அல்லது இன்னொருவர் காட்டு வரப்பை ஒட்டி. காடு என்று இங்கே சொல்வது விவசாய நிலத்தை. வீடு பார்க்கப் போகும் நாளில் விற்பவரோடு காரில் உட்கார்ந்து போய்விட்டால் இது கண்ணில் படாது. சாலையில் இறங்கி வீடுவரை நடந்து, கால் படும் ஒவ்வொரு துண்டும் யார் நிலம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

தடத்தில் மூன்று தரம் உண்டு. கிராம வரைபடத்திலேயே வண்டிப்பாதை என்று தனிப் புல எண்ணோடு இருப்பது முதல் தரம். அதை ஒருவரும் அடைக்க முடியாது, அடைத்தால் வட்டாட்சியரிடம் போகலாம். இன்னொருவரின் பட்டா நிலத்தில், பதிவான பத்திரத்தில் பாத்தியதை எழுதிக் கொடுத்த பாதை இரண்டாம் தரம். அதுவும் நிற்கும். வெறும் பழக்கத்தில் போய்வரும் பாதை மூன்றாம் தரம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாகப் பயன்படுத்தியிருந்தால் அதுவே பாத்தியம் ஆகும். ஆனால் 'உரிமையாக' என்பதில்தான் வழக்கு மாட்டும். "பாவம்னு நாங்கதான் விட்டோம், போனாங்க" என்று காட்டுக்காரர் சொல்லி அது நம்பப்பட்டால் அத்தனை ஆண்டுப் பழக்கமும் வெறும் அனுமதியாகிவிடும்.

ஆகவே விற்பவரிடம் கேட்காமல், தடம் ஓடும் காட்டுக்காரரிடமே போய்க் கேளுங்கள். "ஏனுங்க, இந்தத் தடத்துல எங்களுக்குப் பாத்தியம் உண்டுங்களா, இல்ல நீங்க விட்டதுங்களா?" பதில் எதுவானாலும் முன்பணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. "உண்டு" என்றால் எழுத்தில் வாங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கிரயப் (விற்பனைப்) பத்திரத்தில் விற்பவர் "பாதை பாத்தியதையும் சேர்த்து" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. பிறர் நிலத்தின்மேல் புதிதாக ஓர் உரிமையை அவரால் உண்டாக்கித் தர முடியாது. பாதை ஓடும் நிலத்தின் சொந்தக்காரரே கையெழுத்துப் போட்ட தனிப் பாதை உரிமைப் பத்திரம் வேண்டும், அல்லது அவரும் ஒரு தரப்பாக உங்கள் கிரயத்தில் வர வேண்டும்.

அதில் அகலம், நீளம், போகும் திசை, பாதை எந்தப் புல எண்ணுக்குள் ஓடுகிறது எல்லாம் வர வேண்டும். "மேற்படி நிலத்தின் கீழ்புறம் தென்வடலாக 12 அடி அகலத்தில் செல்லும் பாதையில் ஆள், வண்டி, வாகனாதிகள் சென்றுவரவும், அதன் வழியே குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் கொண்டுசெல்லவும் பாத்தியதை" என்ற அளவுக்கு எழுத வேண்டும். கீழ்புறம் என்றால் கிழக்கு, மேல்புறம் என்றால் மேற்கு, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக. குழாயும் கம்பியும் தனியே எழுதாவிட்டால் நடக்க விடுவார்கள், தோண்ட விடமாட்டார்கள். 12 அடி எதற்கு என்றால், ஆழ்துளை போடும் ரிக் லாரியும் செங்கல் லாரியும் கழிவுநீர் உறிஞ்சும் வண்டியும் வந்து திரும்ப வேண்டும். எட்டடித் தடத்தில் கார் வரும், இவை வராது. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் சாமான்களைச் சாலையில் இறக்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருவதுதான்.

ஊருக்குள் இருக்கும் நத்தம் வீட்டில் இதே சிக்கல் கூரை வடிவில் வரும். பழைய ஓட்டு வீட்டின் இறவாரம் சுவரைத் தாண்டி ஒன்றரை, இரண்டு அடி வெளியே நீண்டிருக்கும். மழைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்குள் இருப்பது யார் இடம்? பத்திரம் சுவரோடு நிற்கிறதா, சொட்டுக் கோடுவரை போகிறதா? பக்கத்து மனைக்காரர் நாளை ஒட்டிச் சுவர் எழுப்பினால் உங்கள் இறவாரத்தை வெட்ட வேண்டிவரும். பங்குச் சுவராக இருந்தால் "மேல்புறச் சுவர் பொது" என்றோ "நமக்கு மட்டும் பாத்தியம்" என்றோ பத்திரத்தில் ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் பழைய வீட்டை இடிக்கும் அன்று அவர் வீட்டு உத்தரம் உங்கள் சுவரில் உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

பத்திரமும் அளவும்

கிராமத்துப் பழைய பத்திரங்களில் புல எண்ணைவிடச் சக்குபந்திதான் (நான்கு எல்லை விவரம்) பேசும். "பொது நடைபாதைக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு" என்று வரும். நடைபாதைக்கு மேற்கே நம் சொத்து இருக்கிறது என்பது அதன் பொருள், அதாவது நடைபாதை நமக்குக் கிழக்கு எல்லை. இதைத் திருப்பிப் படித்து மனையையே எதிர்ப்பக்கம் தேடுபவர்கள் உண்டு. எல்லையும் அளவும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் நீதிமன்றம் மதிப்புக் கொடுக்கும். ஆகவே எல்லையில் பெயர் வரும் ஒவ்வொருவரும் இன்றைக்கு யார், அவர் வாரிசு யார் என்று ஒத்துப் பாருங்கள். எப்போதோ செத்துப்போனவர் பெயரே இன்றைய பத்திரத்திலும் அப்படியே படியெடுக்கப்பட்டிருக்கும்.

அளவுக்கு வருவோம். 'கிழமேலடி 40, தென்வடலடி 60' என்றால் 2,400 சதுர அடி. 435.6 சதுர அடி ஒரு சென்ட் என்பதால் இது ஐந்தரை சென்ட். நத்தம் பட்டாவில் சதுர மீட்டரில் வரும், இதே மனை அங்கே 223 என்றிருக்கும். புஞ்சைப் பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பத்திரமும் பட்டாவும் ஒன்றா என்று பாருங்கள். சற்று வித்தியாசம் இருக்கும். ஒரு சென்ட் வித்தியாசம் என்றால் காரணம் தெரிய வேண்டும்.

மனையில் டேப் பிடிக்கும்போது நான்கு பக்கமும் அளந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது போதாது. குறுக்கு அளவு ஒன்று எடுங்கள். 40, 60, 40, 60 என்று பக்கங்கள் சரியாக இருந்து மூலைகள் சதுரமாக நின்றால் குறுக்களவு 72 அடி சொச்சம் வரும். அது 85 என்று வந்தால் மனை கோணலாகச் சாய்ந்திருக்கிறது, பரப்பு 2,176 சதுர அடிதான். பக்கம் நான்கும் சரி, ஆனால் அரை சென்ட் காணோம். இந்த மனையில் நேராக வீடு வைக்கவும் முடியாது. இரு ஓரத்திலும் முக்கோணமாக இடம் வீணாகும்.

டேப் அளவு உங்கள் மனத் தெளிவுக்கு. எல்லைக்குச் சர்வேயர்தான். கட்டணம் கட்டி அளவை மனு போட வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். அதை விலைப் பேச்சிலேயே நிபந்தனையாக வையுங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) உள்ள அளவை வைத்துத்தான் சர்வேயர் கல் காட்டுவார். அளக்கும் நாளில் நான்கு பக்கத்தாரும் வந்து நிற்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் அன்றே வாயைத் திறப்பார்கள், உங்களுக்கும் வேண்டியது அதுதான். ஒரே புல எண்ணில் பலர் பெயர் இருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால், உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆனபின் கிரயம் என்று உறுதியாக நில்லுங்கள். "ரிஜிஸ்டர் பண்ணிக்குங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்பதை ஏற்றுக்கொண்டால் பிறகு மற்ற பங்காளிகளின் தயவில்தான் பட்டா.

சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975லிருந்து கிடைக்கும். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதாது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின, நத்தத்தில் மறுபடியும் மாறின. பழைய எண், புதிய எண், தாய்ப் பத்திரத்தின் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) ஆவண எண் மூன்றையும் வைத்துத் தேடினால்தான் முழுப் படம் கிடைக்கும். பதிவாகாத எதுவும் இதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பெட்டியில் கிடக்கும் உயில், தனியாரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய வட்டிப் பணம் இவை எதுவும் தெரியாது. அதனால்தான் மூலப் பத்திரத்தை நகலாக அல்லாமல் அசலாகக் கண்ணால் பார்க்க வேண்டும். "வங்கி லாக்கரில் இருக்கு" என்று இரண்டாம் முறையும் சொன்னால் அது வேறு யாருடைய பெட்டியிலோ இருக்கிறது.

யார் யார் கையெழுத்து

விற்பவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியதா, அப்பன் பாட்டன் வழி வந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. வழிவழி வந்ததென்றால் மகள்களின் கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்கள். "கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்பது கிராமத்தில் அன்றாடம் கேட்கும் பேச்சு. சட்டம் அப்படி இல்லை. இந்துக் குடும்பத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால் 1956லிருந்தே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டின் 1989 திருத்தம் அப்போது மணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005இன் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. மகள் பிறந்ததுமே அந்த உரிமை வந்துவிடுகிறது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பங்கு கேட்பது அவர்கள் உரிமை. அதை மறைத்து விற்பவரிடம் வாங்கினால் நாளை நீங்கள் அந்தப் பெண்ணுக்கு எதிர்வாதியாக நிற்பீர்கள்.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றை வைத்துக் குடும்ப மரம் ஒன்றை நீங்களே வரைந்து பாருங்கள். இறந்த மகனின் மனைவி, பிள்ளைகள், வெளிநாட்டில் இருப்பவர் என்று விட்டுப்போன கிளை தெரியும். விற்கும்போதே எல்லாரும் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது, அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்பே பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ அதை விற்றது நிற்காது. அந்தப் பிள்ளை மேஜரான பின் மூன்றாண்டுக்குள் வழக்குப் போடலாம். பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவரோடு நேரில் பேசுங்கள், அவர் உயிரோடிருப்பதற்கான சான்றும் வேண்டும்.

தண்ணீர்

கிராமத்தில் வீட்டின் விலையைத் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். ஐப்பசியில் நிறைந்து நிற்கும் கிணற்றைக் காட்டி விற்பார்கள், பார்க்க வேண்டியது சித்திரையில். கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தாமல் ஓட விடுங்கள். 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிடம் என்று ஆரம்பத்திலும் முடிவிலும் பாருங்கள். நான்கு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர். அது முடிவில் பன்னிரண்டு நிமிடமானால் குழியில் சேர்ந்து நின்ற தண்ணீர்தான் முதலில் வந்தது, உண்மையான ஊற்று மூன்றில் ஒரு பங்கு. நாலு பேர் வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டாலே ஒரு நாளைக்கு 540 லிட்டர். தென்னையும் மாடும் இருந்தால் அது எங்கேயோ போய்விடும். மோட்டாரை நிறுத்திய பின் மட்டம் மீள எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

பிறகு தரம். பத்து நிமிடம் ஓடவிட்டபின் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்களே தரும் குப்பியில் தனியாகப் பிடிக்க வேண்டும். இந்தியத் தர அளவுப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மைக்கு 200, 600. புளூரைடு 1, உச்சமாக 1.5. நைட்ரேட் 45, அதில் சலுகை கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளூரைடை விட்டுவிட்டு வேறு எதைப் பார்த்தும் பயனில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. புளூரைடு நாக்கில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நைட்ரேட் கூடுதலாக வந்தால் பக்கத்தில் கழிவுநீர்க் குழியோ மாட்டுத் தொழுவமோ உரம் போடும் வயலோ கிணற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், சுமார் 60 அடி வேண்டும் என்பது விதி. ஐந்து சென்ட் மனையில் இதை உங்கள் வீட்டுக்குள் மட்டும் பார்த்துப் பயனில்லை. பக்கத்து வீட்டுக் கழிப்பறைக் குழி உங்கள் மதிலுக்கு அந்தப்புறம் ஆறடியில் இருக்கும். பாறை வெடிப்புள்ள இடத்தில் 60 அடியும் காக்காது. அங்கே ஊராட்சிக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, ஆழ்துளையைப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. தொட்டி இயக்குபவரிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்குத் திறக்கிறார், இந்த வீதிக்கு அழுத்தம் வருமா என்று கேளுங்கள். ஊரில் அவருக்குத் தெரியாத தண்ணீர் இல்லை.

வீட்டைப் பார்ப்பது

நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ, ஓட்டைப் பார்க்காமல் தாங்கும் மரத்தைப் பாருங்கள். கூரை மரங்களான பனங்கையும் கோம்பையும் சுவரில் உட்காரும் இடத்தில்தான் கரையான் வேலை செய்யும். ஆணியால் அல்லது திருப்புளியால் குத்தினால் ஏறுகிற மரம் மாற்ற வேண்டிய மரம். மங்களூர் ஓடு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஆகும். ஓட்டின் விலை பெரிதல்ல, ரீப்பரும் (ஓடு உட்காரும் சட்டம்) பனங்கையும் மாற்றும் ஆசாரிக் கூலிதான் பெரிது.

மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவரில், விற்பதற்காகப் புதிதாகச் சிமென்ட் பூசி வண்ணம் அடித்திருந்தால் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். தரையிலிருந்து மூன்றடி வரை பொத்தென்று வெற்றொலி வரும். அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சில் வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால் உப்புப் பூத்துப் பூச்சு உப்பிக் கழன்று விழும். மறுபடி சிமென்ட் பூசினால் மறுபடி விழும், சுண்ணாம்புதான் பூச வேண்டும். காங்கிரீட் கூரை வீடென்றால் சன்ஷேடின் அடிப்பக்கம் பாருங்கள், கம்பி துருப்பிடித்துக் கலவை பிளப்பது பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியும். தாராபுரம், கோவில்பட்டி போலக் கரிசல் உள்ள இடங்களில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு கோடையில் விரிந்து மழையில் மூடும். பூசி மறைத்திருந்தாலும் அதே கோட்டில் வண்ணத்தின் நிறம் சற்று மாறியிருக்கும். அது அஸ்திவாரத்தின் வெடிப்பு, கொத்தனார் பூச்சால் தீராது.

மின்சாரத்துக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு ஏழு மணிக்கு அளவெடுங்கள். 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் வீடு.

அமைதி

அமைதிக்காக வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பார்த்துவிட்டு மயங்குவார்கள். ஞாயிறு அன்று விசைத்தறி ஓடாது, கல் குவாரியில் வெடி இருக்காது, கிரஷர் லாரி வராது. வேலைநாளில் விடிகாலை ஐந்துக்கும் இரவு பதினொன்றுக்கும் வாருங்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி இரவிலும் ஓடும். பழகியவர்கள் அதைச் சத்தமாகவே சொல்ல மாட்டார்கள், கேட்டால் "இங்க ஒண்ணும் சத்தமில்லீங்க" என்பார்கள். உண்மையாகவே சொல்கிறார்கள். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் அதிர்வும் தூசியும் அதைத் தாண்டி வரும்.

நாற்றம் காற்றோடு வருவது. பாலக்காட்டுக் கணவாய் வழி ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கோழிப் பண்ணை வீட்டுக்கு மேற்கே இருந்தால் ஆனியிலிருந்து ஆவணி வரை ஈயும் நாற்றமும் வீட்டுக்குள்தான். கிழக்கே இருந்தால் அந்த மாதங்களில் தொல்லை இல்லை. ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர், பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்த் தொழிற்சாலைத் தூசி, இரண்டுக்கும் இதே கணக்கு.

கோயில் நோம்பியின்போது (திருவிழா) கூம்பு ஒலிபெருக்கி கட்டுவார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்று சட்டம் உண்டு. ஆனால் வருடத்தில் சில நாள் ஊரே கூடும் விழாவை வந்த முதல் வருடமே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டிக்காரர் முதல் ஆசாரி வரை யாரும் அவசரத்துக்கு வரமாட்டார்கள். விழா நாட்களை முன்பே கேட்டுவைத்து, முடியாதவர்கள் அந்த நாட்களில் வெளியூர் போய்வரலாம். தலைக்கட்டு வரி (விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பணம்) கேட்டு வந்தால் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்னும் பல ஊர்களில் எந்தத் தெருவில் யாருக்கு விற்கலாம் என்று சாதி பார்த்துத்தான் பேச்சு நடக்கிறது. வாடகைக்குக் கேட்டாலும் "நீங்க என்ன ஆளுங்க" என்பார்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயம், சட்டத்துக்கும் எதிரானது. ஆனாலும் அந்தத் தெருவில் நாளை உங்கள் பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள் என்பதால், அண்டை அயலாரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாம்பு பற்றிப் பயப்படுவதைவிட, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே தெரியாது. கட்டிலும், ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிய கொசுவலையும் நல்ல காப்பு.

ஒப்பந்தமும் பணமும்

முன்பணம் கொடுக்கும்போது வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது கிராமத்து வழக்கம். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் அதுவே வில்லங்கச் சான்றில் ஏறி, இதே வீட்டை இன்னொருவருக்குப் பேசிவிடாமல் காக்கும். அதில் சர்வேயர் அளவு, தனிப் பட்டா, பாதை உரிமைப் பத்திரம், மகள்கள் கையெழுத்து நான்கையும் விற்பவர் முடிக்க வேண்டிய வேலைகளாகத் தேதியோடு எழுதுங்கள். முடியாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் வர வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது, வங்கி வழியாகவே போகட்டும்.

பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். கிராமத்து வீடுகள் பல இந்த வரம்புக்குள்ளேயே வரும் என்பதால் மனைவி, அம்மா, மகள் பெயரில் எழுதுவதை யோசித்துப் பாருங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் ஒரு சதவீதம் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குபவர்தான்.

பதிவு முடிந்த வாரமே பட்டா மாறுதல், மின் இணைப்புப் பெயர் மாற்றம், ஊராட்சி வீட்டு வரிப் பெயர் மாற்றம் மூன்றுக்கும் மனு போட்டுவிடுங்கள். பழைய வரிப் பாக்கியும் மின் பாக்கியும் விற்பவர் தலையில் இருக்கும்போதே ரசீது வாங்கிவிட வேண்டும், பத்திரம் எழுதியபின் யாரும் கட்ட வரமாட்டார்கள். பட்டாவில் பெயர் வராமல் தாமதமானால் வைகாசி, ஆனியில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஆண்டு நிலக் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்தியில் கொடுக்கும் மனுவுக்குப் பதில் சீக்கிரம் வரும். மதில் கட்டுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வே கல்லில் கயிறு கட்டி, பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டி, அஸ்திவாரத்தின் அகலம் முழுவதும் கயிற்றுக்கு உள்பக்கமே வரும்படி வெட்டுங்கள். மதில் மேலே ஒன்பது அங்குலமாக இருந்தாலும் அடியில் இரண்டடி அகலத்துக்குக் கல் போடுவார்கள், தோண்டும்போது கயிற்றைத் தாண்டுவது அதுதான்.